தண்ணீர் குடித்த பாறை

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், கறுப்புக்காடு என்று பெயர் பெற்ற மலைத்தொடர் ரைன் ஆற்றுச் சமவெளியில் வந்து இறங்கும் இடத்தில், ஷ்டௌஃபன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஏறக்குறைய எட்டாயிரம் பேர் வாழும் ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். குன்றின் மேல் இடிந்த கோட்டை. நடுவே 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த நகர்மன்றக் கட்டடம். நாடகங்களிலும் காவியங்களிலும் இடம்பெற்ற மந்திரவாதி டாக்டர் ஃபவுஸ்ட் இந்த ஊர் விடுதியில்தான் இறந்தார் என்று ஒரு கதையும் உண்டு. போர்களையும் தீயையும் தாண்டி நானூறு, ஐநூறு ஆண்டுகள் நின்ற சுவர்கள் அங்கே பல.

2007 செப்டம்பரில் நகர்மன்றக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. எண்ணெய், எரிவாயுச் செலவைக் குறைத்து, நிலத்தடி வெப்பத்தைக் கொண்டே கட்டடத்தைக் குளிர்காலத்தில் கதகதப்பாகவும் கோடையில் குளிர்ச்சியாகவும் வைத்திருக்கலாம் என்று திட்டமிட்டார்கள். நல்ல நோக்கம், சுற்றுச்சூழலுக்கும் உகந்தது. கட்டடத்துக்குப் பின்புறம் ஏழு துளைகளை 140 மீட்டர் ஆழம் வரை இறக்கினார்கள். நம் ஊரில் போர் போடுவதைப் போன்ற வேலைதான். தண்ணீர் எடுப்பதற்குப் பதிலாக அந்தத் துளைகளில் குழாயை இறக்கி, அதனுள் திரவத்தைச் சுற்றவிட்டு வெப்பத்தை மேலே கொண்டுவருவார்கள்.

சில வாரங்களில் சுவர்களில் மயிரிழை போன்ற கீறல்கள் தெரிந்தன. கீறல்கள் விரிசல்களாயின. கதவுகள் நிலையில் உரசின. ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்கோடுகள் கிளம்பின. அளவெடுத்துப் பார்த்தபோது விரிசலைவிட வியப்பான செய்தி கிடைத்தது. ஊர் தாழவில்லை, மேலே எழும்பிக்கொண்டிருந்தது. வேகம் உச்சத்தில் இருந்தபோது மாதத்துக்கு 11 மில்லிமீட்டர். ஆண்டுகள் செல்லச் செல்ல, நகர்மன்றத்தை ஒட்டிய பகுதி 60 செ.மீ.க்கும் மேலே வந்துவிட்டது. பக்கவாட்டிலும் 40 செ.மீ.க்கு மேல் நகர்ந்தது. சேதமடைந்த கட்டடங்கள் 260-க்கும் மேல். சிலவற்றை இடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. சேத மதிப்பு சுமார் 5 கோடி யூரோ என்று கணக்கிட்டார்கள். 'ஷ்டௌஃபன் உடைந்துவிடக் கூடாது' என்ற வாசகத்தை ஊர்மக்கள் தங்கள் முழக்கமாக்கிக்கொண்டார்கள்.

வீட்டின் எடை தாங்காமல் நிலம் அமுங்குவது நாம் அறிந்த கதை. நிலம் வீட்டைத் தூக்கும் என்பதை நம்பத்தான் சிரமமாக இருக்கிறது. ஆனால் கோவில்பட்டியிலோ விளாத்திகுளத்திலோ வீடு கட்டியவரிடம் இதைச் சொன்னால் அவர் வியப்படைய மாட்டார். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் தன் வீட்டுத் தளத்தை எக்கித் தள்ளும் மண்ணை அவருக்குத் தெரியும். ஷ்டௌஃபன் பாறையும் நம் கரிசலும் வேறு வேறு பொருள்கள். தண்ணீர் குடித்தால் பருப்பது இரண்டின் குணம்.

மாவுக்கட்டின் உறவினர்

ஷ்டௌஃபன் ஊருக்கு அடியில் இருக்கும் பாறை அடுக்குக்கு ஜெர்மானியப் புவியியலாளர்கள் வைத்த பெயர் கிப்ஸ்கொய்பர். ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் தலைகாட்டத் தொடங்கிய காலத்தில், இன்றைய தெற்கு ஜெர்மனி வெப்பமும் வறட்சியும் மிக்க தாழ்நிலமாக இருந்தது. கடல்நீர் உள்ளே வந்து தேங்கும், வற்றும், மறுபடி தேங்கும். வேதாரண்யத்து உப்பளங்களில் நடப்பதுபோல, நீர் ஆவியாகும்போது கரைந்திருந்த உப்புகள் படிந்தன. அவற்றில் முக்கியமானது ஜிப்சம். களிமண்ணும் ஜிப்சமும் மாறிமாறிப் படிந்து அடுக்கடுக்காக உயர்ந்தன.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டும் நீரும் சேர்ந்த படிகம். ஒவ்வொரு கால்சியம் சல்பேட் அலகும் இரண்டு நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். அதன்மேல் நூற்றுக்கணக்கான மீட்டர் வண்டல் படிந்து அமுக்கியபோது, அழுத்தத்திலும் வெப்பத்திலும் அந்த நீர் வெளியேறியது. எஞ்சியது அன்ஹைட்ரைட். 'நீர் இல்லாதது' என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள்.

எலும்பு முறிந்தவருக்கு மாவுக்கட்டு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை மாவில் நீர் கலந்ததும் அது சூடாகிச் சில நிமிடங்களில் இறுகிக் கல்லாகிறது. அந்த மாவு, நீரில் பெரும்பகுதியை இழந்து கொஞ்சமே மிஞ்சிய ஜிப்சம். நீர் கிடைத்ததும் மீண்டும் முழு ஜிப்சமாகிறது. அன்ஹைட்ரைட் அதன் நெருங்கிய உறவினர். கொஞ்சமும் நீர் இல்லாத வடிவம். தண்ணீர் கிடைத்தால் அதுவும் மெல்ல மெல்ல ஜிப்சமாக மாறும். அப்படி மாறும்போது திடப்பொருளின் கன அளவு ஏறக்குறைய 60 சதவீதம் கூடுகிறது. பத்துப் படி இருந்த கல் பதினாறு படியாகிறது.

ஷ்டௌஃபனில் நிலத்தடி நீர் அந்த அன்ஹைட்ரைட் அடுக்குக்குக் கீழே, சிப்பி ஓடுகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையில் அழுத்தத்தோடு அடைபட்டிருந்தது. நடுவில் இருந்த களிப்பாறை, மூடி போல அதைத் தடுத்துக்கொண்டிருந்தது. துளைகள் அந்த மூடியைக் குத்தின. துளைக்கும் குழாய்க்கும் இடையே உள்ள இடைவெளியைச் சிமென்ட் கலவை கொண்டு முழுக்க அடைக்க வேண்டும். அந்த அடைப்பு எல்லா இடத்திலும் முழுமையாக அமையவில்லை. கீழிருந்த நீர் அழுத்தத்தால் மேலேறி, கோடிக்கணக்கான ஆண்டுகள் தாகத்தோடு கிடந்த பாறையை அடைந்தது. ஃப்ரைபுர்க் நகரிலுள்ள மாநிலப் புவியியல் துறை பிறகு சோதனைத் துளைகள் இட்டு ஆராய்ந்தது. ஏறத்தாழ 61 மீட்டருக்கும் 100 மீட்டருக்கும் இடைப்பட்ட ஆழத்தில் பாறை பருத்துக்கொண்டிருப்பதைக் கண்டது.

இதன் பலத்தை எண்ணிப் பாருங்கள். அந்த அடுக்கின் மேல் 60 மீட்டர் பாறையும் மண்ணும் அமர்ந்திருக்கின்றன. ஒரு சதுர மீட்டருக்கு நூறு டன்னைத் தாண்டும் பாரம். அதையும் தூக்கி, அதன் மேல் இருக்கும் ஊரையும் தூக்குகிறது அந்தப் பாறை. அது பருக்கும்போது புதிய வெடிப்புகள் உண்டாகின்றன. அந்த வெடிப்புகள் வழியே நீர் இன்னும் உள்ளே போகிறது. ஒருமுறை தொடங்கினால் தானாகவே வளர்ந்துகொண்டு போகும் வினை இது. ஜிப்சமாகிவிட்ட கல்லை மறுபடி அன்ஹைட்ரைட்டாகச் சுருக்க நம்மிடம் வழி இல்லை.

வெற்றிலைக் கவுளி

களிமண் பருப்பதற்குக் காரணம் வேறு. அங்கே புதுப் பொருள் எதுவும் பிறப்பதில்லை. தண்ணீர் மண்ணின் தாள்களுக்கு இடையே புகுந்து, அவற்றைத் தள்ளி உட்காரவைக்கிறது.

களிமண் துகள் என்பது உருண்டை மணி அல்ல. தாள்கள் அடுக்கிய கட்டு. வெற்றிலைக் கவுளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளின் தடிமன் ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கு. சிலிக்கா, அலுமினா ஆகியவற்றால் ஆன இந்தத் தாள்கள் எப்படி ஒட்டியிருக்கின்றன என்பதைப் பொறுத்து மண்ணின் குணம் மாறும். பீங்கான் செய்யப் பயன்படும் கயோலினைட்டில் தாள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும். நடுவில் நீர் புக இடமில்லை. இல்லைட் என்னும் வகையில் பொட்டாசியம் அணுக்கள் பசைபோல நின்று தாள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். மூன்றாவது வகையான மாண்ட்மோரிலோனைட்தான் வீட்டுக்காரனுக்குப் பகை. பிரான்சிலுள்ள மாண்ட்மோரியோன் என்ற ஊரின் பெயரால் வழங்கும் களிமம் அது.

மாண்ட்மோரிலோனைட் தாளில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கும். இந்த இடமாற்றத்தால் தாளில் எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. அதைச் சரிக்கட்ட சோடியம், கால்சியம் அயனிகள் தாள்களுக்கு நடுவே வந்து தங்குகின்றன. இவற்றின் பிடி தளர்வானது. ஆனால் இந்த அயனிகளுக்கு நீர் மிகவும் பிடிக்கும். மழை பெய்தால் நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்துகொண்டு உள்ளே நுழைகின்றன. தாள்கள் விலகுகின்றன. ஒரு தாள் விலகுவது கண்ணுக்குத் தெரியாது. ஒரு கைப்பிடி மண்ணில் எண்ணற்ற கோடித் தாள்கள். அத்தனையும் சேர்ந்து விலகும்போது தரை உயர்கிறது.

ஒரே ஒரு கிராம் மாண்ட்மோரிலோனைட்டின் எல்லாத் தாள்களையும் பிரித்துப் பரப்பினால் சுமார் 800 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் ஏறக்குறைய 20 சென்ட் நிலம். விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகைக்குள் ஒரு வீட்டுமனைக்கு மேல் பரப்பு மடிந்து கிடக்கிறது. அந்தப் பரப்பு முழுவதும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளக் காத்திருக்கிறது.

பாறையிலிருந்து களிமண் வேறுபடும் முக்கியமான இடம் ஒன்று உண்டு. களிமண் குடித்த நீரைத் திருப்பித் தரும். வெயில் ஏறினால் நீர் வெளியேறும், தாள்கள் நெருங்கும், மண் சுருங்கும், பாளம் பாளமாக வெடிக்கும். அன்ஹைட்ரைட் ஒருமுறை வீங்கினால் வீங்கியதுதான். களிமண் ஆண்டுதோறும் ஏறி இறங்கும். அப்படியிருந்தும் களிமண்தான் உலகெங்கும் அதிகமான வீடுகளைக் கெடுக்கிறது. இது எங்கும் பரவிக் கிடக்கிறது. அஸ்திவாரத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டும் இருக்கிறது.

வீடு விரியும் விதம்

நிலம் முழுவதும் ஒரே சீராக ஒரு அங்குலம் உயர்ந்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. கப்பல்போல அதுவும் சேர்ந்து உயரும். ஒரு மூலை உயர்ந்து, மறு மூலை அப்படியே நின்றால்தான் சுவர் கிழியும். செங்கல்லும் கான்கிரீட்டும் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது.

வீடு கட்டியதும் அதன் அடியிலுள்ள மண்ணுக்கு வெயில் படுவதில்லை. நடுப்பகுதியில் ஈரம் மெல்லச் சேர்கிறது. ஓரங்களிலோ கோடையில் மண் காய்ந்து சுருங்குகிறது. நடு உப்பி, ஓரம் இறங்கினால் சுவர் முதுகு வளைந்ததுபோல் ஆகிறது; விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கும். மழைக்காலத்தில் கதை மாறும். ஓர மண் முதலில் நனைந்து உயரும்போது விரிசல் கீழே அகலமாகிறது. அனுபவமுள்ள பொறியாளர் விரிசலின் வாயைப் பார்த்தே மண் எந்தப் பக்கம் அசைந்தது என்று சொல்லிவிடுவார். ஜன்னல், கதவு மூலைகளில் சுவர் பலவீனமாக இருப்பதால் சாய்வு விரிசல்கள் அங்கிருந்துதான் கிளம்பும்.

இதில் கவனிக்க வேண்டிய நியாயம் ஒன்று இருக்கிறது. ஒரு தளமோ இரண்டு தளமோ கொண்ட சிறிய வீடுதான் அதிகம் அடிபடுகிறது. பத்து மாடிக் கட்டடம் தன் பாரத்தாலேயே மண்ணின் வீக்கத்தை ஓரளவு அமுக்கி வைக்கும். அதன் அஸ்திவாரமும் ஆழமாக இருக்கும். சேமிப்பையெல்லாம் போட்டு ஒருவர் கட்டும் சிறு வீட்டின் எடை, வீங்கும் மண்ணின் உந்தலைவிடப் பல நேரம் குறைவு. பணம் குறைவாக உள்ளவர் வீட்டைத்தான் மண் எளிதாகத் தூக்குகிறது.

மனிதன் விடும் தண்ணீரும் இதில் சேர்கிறது. சுவரோரம் ஒழுகும் குழாய், மூடாத கழிவுநீர்க் குழி, மாடித் தண்ணீரை அஸ்திவாரத்தின் காலடியிலேயே கொட்டும் குழாய் ஆகியவை ஒரு மூலையை மட்டும் நனைக்கும். சுவருக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய மரம் நேர்மாறாக, வேரால் நீரை உறிஞ்சி அந்த மூலையை மட்டும் காயவைக்கும். மண் அசைந்து கழிவுநீர்க் குழாய் உடைந்தால், உடைந்த குழாய் மண்ணை இன்னும் நனைக்கும். நோயும் காரணமும் ஒன்றையொன்று வளர்க்கும் நிலை இது.

ஜெர்மனி முன்பே அறிந்த பாடம்

ஷ்டௌஃபன் நகருக்கு நேர்ந்தது யாரும் கேள்விப்படாத விபத்து என்று சொல்ல முடியாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டிய ரயில் சுரங்கப்பாதைகளிலேயே இந்தப் பாறை தரையை எக்கித் தூக்கியது. ஷ்டுட்கார்ட் நகரில் 1958-இல் திறந்த வாகன்புர்க் சுரங்கப்பாதையும், லேயோன்பெர்க் அருகே நெடுஞ்சாலைக்காக 1999-இல் திறந்த எங்கல்பெர்க் சுரங்கப்பாதையும் பொறியாளர்களுக்கு இதே பாடத்தைக் கற்பித்தன. எங்கல்பெர்க்கில் வீங்கும் பாறை கான்கிரீட் உறையையே நெருக்கியதால், பாதையை வலுப்படுத்தும் பெரும்பணி தேவைப்பட்டது. ஷ்டுட்கார்ட் ரயில் நிலையத்தை நிலத்தடிக்குக் கொண்டுபோகும் திட்டத்தின் சுரங்கங்களும் பல கிலோமீட்டர் தூரம் அன்ஹைட்ரைட் பாறை வழியே செல்கின்றன. அங்கே பாறையைத் துளைத்தபோது கூடியமட்டும் தண்ணீரே படாமல் வேலை செய்தார்கள். நீர் வரக்கூடிய வெடிப்புகளைப் பிசின் செலுத்தி அடைத்தார்கள்.

ஆக, சுரங்கம் வெட்டுபவர்களிடம் இருந்த அறிவு, வெப்பத்துக்காகத் துளையிடுபவர்களின் கைக்கு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. ஷ்டுட்கார்ட்டுக்கு அருகிலுள்ள பொப்லிங்கன் நகரிலும் வெப்பத் துளைகளுக்குப் பிறகு பல வீடுகள் விரிசல் கண்டன. ஷ்டௌஃபன் விபத்துக்குப் பிறகு மாநில அரசு விதிகளை இறுக்கியது. 2011-இல் தர வழிகாட்டுதல்கள் வந்தன. துளையிடும்போது ஜிப்சமோ அன்ஹைட்ரைட்டோ தென்பட்டால் அத்துடன் நிறுத்த வேண்டும் என்பது இன்று அங்கே அடிப்படைப் பாடம். நிலத்தடி வெப்பத்தைப் பயன்படுத்தும் முறை தவறானது என்று இதற்குப் பொருளில்லை. ஜெர்மனியில் லட்சக்கணக்கான இடங்களில் அது சிக்கலின்றி இயங்குகிறது. நிலத்துக்கு நிலம் பாறை மாறும். பாறையைக் கேட்டுத்தான் துளையின் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும்.

அந்த மாநிலத்தின் மண் வேறு வகைகளிலும் வீட்டைச் சோதிக்கிறது. க்னோலன்மெர்கல் எனப்படும் செவ்வூதாக் களிப்பாறை மழையில் இளகிச் சரிவுகளில் வழுக்கும். அந்தச் சரிவுகளைப் பழைய தலைமுறையினர் புல்வெளியாகவும் பழத்தோட்டமாகவும் விட்டுவைத்தார்கள். வீடு கட்டத் துணியவில்லை. எண்ணெய்க்கல் என்ற கரும்பாறை இன்னும் விசித்திரமானது. கட்டடத்தின் சூட்டால் அது காயும்போது, அதிலுள்ள இரும்பு சல்பைடு காற்றோடு வினைபுரிய, புதிதாகப் பிறக்கும் ஜிப்சப் படிகங்கள் பாறை ஏடுகளைப் பிளந்துகொண்டு தரையை உயர்த்தும். நனைந்தால் வீங்கும் பாறை ஒருபுறம், காய்ந்தால் வீங்கும் பாறை மறுபுறம்.

இப்போது வறட்சியும் சேர்ந்துகொண்டது. 2018-இலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் ஜெர்மனியில் கடும் வறட்சி. லைப்சிக் நகரிலுள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் வெளியிடும் வறட்சி வரைபடத்தில் நாட்டின் பெரும்பகுதி அடர்சிவப்பாக இருந்தது. ஆழம்வரை காய்ந்த களிமண் சுருங்க, அதன்மேல் நின்ற வீடுகள் இறங்கின. அண்டை நாடான பிரான்சில் 2003 கோடையிலேயே இந்தச் சேதம் பேருருவம் எடுத்தது. இயற்கைச் சீற்றத்துக்கான காப்பீட்டுச் செலவில் அங்கே வெள்ளத்துக்கு அடுத்த இடம் களிமண்ணின் சுருக்க வீக்கத்துக்குத்தான். நூறு ஆண்டுகள் ஓரளவு ஈரமாகவே இருந்து பழகிய மண், புவி சூடாகும் காலத்தில் நம் கரிசலைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகிறது.

கரிசலில் வானம் தோண்டும்போது

வறட்சியும் மழையும் மாறிமாறி வரும் நிலம் நமக்குப் புதிதல்ல. தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களிலும் கொங்குப் பகுதியின் சில இடங்களிலும் கரிசல் பரந்து கிடக்கிறது. தக்காணத்தில் எரிமலைக் கல் சிதைந்து உண்டான கருமண் இன்னும் பெரிய பரப்பு. பங்குனி, சித்திரையில் இந்த மண்ணில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழும். ஆழம் ஒரு மீட்டரைத் தாண்டும். மேல்மண் அந்த வெடிப்பில் உதிர்ந்து விழ, மழையில் அடிமண் பொருமி மேலே வர, மண் தன்னைத்தானே உழுதுகொள்கிறது. பருத்திக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் இந்தக் குணம் வரம். ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்துவைத்துப் பயிரைக் காக்கும் மண் இது. உழவனுக்கு உதவும் அதே குணம்தான் கொத்தனாருக்குச் சோதனையாகிறது.

நம் தென்மாவட்டங்களில் அஸ்திவாரக் குழி எடுப்பதை 'வானம் தோண்டுவது' என்பார்கள். கரிசலில் எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்பதற்கு விடை, ஈரம் எவ்வளவு ஆழம்வரை ஏறி இறங்குகிறது என்பதில் இருக்கிறது. கருமண் நிலங்களில் இந்த அசையும் மேலடுக்கு சுமார் மூன்றரை மீட்டர் என்று இந்தியப் பொறியாளர்கள் கண்டார்கள். அதற்குக் கீழே மழையோ வெயிலோ எட்டாது. மண் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருக்கும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கொண்டு ஒரு தீர்வை வளர்த்தெடுத்தது. மெல்லிய கான்கிரீட் தூணை அந்த ஆழத்துக்கு இறக்கி, அதன் அடியைக் குடம்போல் விரித்துவிடுவது. தூணைவிட இரண்டரை மடங்கு அகலமுள்ள அந்தக் குடம், அசையாத மண்ணில் நங்கூரம்போலப் பிடித்துக்கொள்ளும். மேலே மண் பொருமினாலும் தூணை உருவி எடுக்க முடியாது. தூண்களை இணைக்கும் கட்டுத்தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே சில செ.மீ. இடைவெளி விட்டுவிடுவார்கள், மண் எழும்பினால் அந்த வெற்றிடத்துக்குள் எழும்பிவிட்டுப் போகட்டும். 'அண்டர் ரீம்டு பைல்' என்று நம் ஒப்பந்ததாரர்கள் சொல்வது இதைத்தான்.

மும்பை ஐஐடியின் பேராசிரியர் ஆர்.கே. கட்டி வேறொரு வழியைக் காட்டினார். கருமண்ணை ஓரளவு ஆழத்துக்கு அகற்றி, அந்த இடத்தில் ஒட்டும் தன்மை கொண்ட, ஆனால் வீங்காத வகை மண்ணை நிரப்பி இறுக்குவது. பலர் செய்வதுபோல வெறும் மணலைக் கொட்டுவது ஆபத்து. மணல் வழியே நீர் சுலபமாக இறங்கி, அஸ்திவாரத்தின் அடியிலேயே குளம்போலத் தேங்கும்; அடியிலுள்ள கரிசலுக்கு அது நாள்தோறும் தண்ணீர் ஊட்டும்.

நம் முன்னோர் கையில் இருந்த சுண்ணாம்பும் நல்ல மருந்து. களிமண்ணோடு கலந்தால் சுண்ணாம்பின் கால்சியம், தாள்களுக்கு இடையிலுள்ள சோடியத்தை வெளியேற்றி அந்த இடத்தில் அமர்கிறது. தாள்கள் நெருங்குகின்றன, வீக்கம் குறைகிறது. நாளாவட்டத்தில் சிமென்ட் போன்ற பிணைப்பும் உருவாகிறது. ஆனால் மண்ணில் ஜிப்சம் போன்ற சல்பேட்டுகள் மிகுதியாக இருந்தால் சுண்ணாம்பு அவற்றோடு வினைபுரிந்து, தானே வீங்கும் புதுப் படிகங்களை உண்டாக்கிவிடும். மருந்துக்கு முன் நோயாளியைச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சோதனை மிக எளிது. பத்து கிராம் உலர்ந்த, சலித்த மண்ணை இரண்டு பங்கு எடுத்து, அளவுக் கோடுகள் போட்ட இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் இடுவார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். ஒரு நாள் அசைக்காமல் வைத்திருப்பார்கள். மண்ணெண்ணெயின் மூலக்கூறுகளுக்கு மின்முனைகள் இல்லாததால் களிமண் தாள்கள் அதை உள்ளே விடாது. அந்தக் குடுவையில் மண் தன் இயல்பான அளவில் படிந்திருக்கும். தண்ணீர்க் குடுவையில் வீங்கியிருக்கும். இரண்டின் வித்தியாசத்தை மண்ணெண்ணெய்க் குடுவையின் அளவோடு ஒப்பிட்டால் வீக்கச் சதவீதம் கிடைக்கும். ஐம்பதைத் தாண்டினால் சாதாரண அஸ்திவாரம் போடக் கூடாது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயத்தில் 1977 முதலே இடம்பெற்றிருக்கும் சோதனை இது. வீட்டுச் செலவில் இதற்கு ஆகும் பங்கு, வாசல் கதவில் ஒரு பூவேலைப்பாட்டுக்கு ஆகும் அளவுகூட இருக்காது. ஆனாலும் எத்தனை வீடுகள் இந்தச் சோதனை இல்லாமலே எழும்புகின்றன!

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கும் செய்யக்கூடியவை உண்டு. ஈரத்தைச் சமமாக வைத்திருப்பதே நோக்கம். வீட்டைச் சுற்றி ஒன்றரை, இரண்டு மீட்டர் அகலத்துக்குச் சரிவாகத் தளம் போட்டால் மழைநீர் சுவரோரம் இறங்காது. மாடி நீரைக் குழாய் வழியே தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும். பெரிதாக வளரும் மரத்தை, அது வளரக்கூடிய உயரம் அளவுக்காவது வீட்டிலிருந்து தள்ளி நட வேண்டும். விரிசல் விழுந்தால் உடனே பூசி மறைப்பதைவிட, அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்பது நல்லது. கண்ணாடி உடைந்தால் வீடு இன்னும் அசைகிறது என்று பொருள். முழுதாக இருந்தால் அசைவு நின்றிருக்கிறது. மழைக்காலத்தையும் கோடையையும் பார்த்த பிறகு பழுதுபார்த்தால் பணம் வீணாகாது.

கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி

ஷ்டௌஃபனில் 2009 முதல் பழைய துளைகளைச் சிமென்ட் செலுத்தி அடைத்தார்கள். நிலத்தடி நீர்மட்டம் வீங்கும் அடுக்குக்குக் கீழே இருக்கும்படி, ஆழ்துளைகளில் பம்பு வைத்து இடைவிடாமல் நீரை இறைத்தார்கள். எழும்பும் வேகம் படிப்படியாகக் குறைந்து மாதத்துக்கு ஓரிரு மில்லிமீட்டரானது. செயற்கைக்கோளின் ரேடார் கதிர்களைக் கொண்டு ஊரின் ஒவ்வொரு கூரையும் எவ்வளவு உயர்ந்தது என்று அளந்தார்கள். பழைய நகர்மன்றம் இடிபடாமல் நின்றது. அதன் விரிசல்களைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து மக்கள் வந்தார்கள். தன் வீட்டுக் கூடத்தின் சுவர் மாதாமாதம் விரிவதைப் பார்த்துக்கொண்டே தூங்கி எழுந்தவர்களின் மனநிலையை எந்தக் கருவியும் அளக்கவில்லை.

வீடு கட்ட இடம் பார்க்கும்போது நாம் எல்லோரும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறோம்: இந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும்? இரண்டாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: தண்ணீர் பட்டால் இந்த மண் என்ன செய்யும், தண்ணீர் போனால் என்ன செய்யும்? ஷ்டௌஃபனின் கட்டடங்கள் பாரத்தால் கெடவில்லை. கரிசலில் விரியும் வீடுகளும் பாரத்தால் கெடுவதில்லை. இரண்டு இடத்திலும் முதல் கேள்விக்கு நல்ல பதில் இருந்தது. இரண்டாவது கேள்விதான் விடுபட்டுப்போனது.

ஷ்டௌஃபனில் அந்தக் கேள்விக்கான பதில் 61 மீட்டர் ஆழத்தில், யார் கண்ணுக்கும் படாத இருட்டில் இருந்தது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. வானம் தோண்ட இறங்கும் மண்வெட்டியின் முதல் வெட்டிலேயே அந்தப் பதில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு மேலே வருகிறது.